பங்காளிகள் பகிர்ந்த ஏடுகள்: வட ஐரோப்பிய நாடுகளின் கூட்டுறவு காட்டும் நெறி

முன்னுரை

தமிழில் 'பங்காளி' என்னும் சொல்லுக்கு இரு பொருள் நிழல்கள் உண்டு. ஒரு குடியில் பிறந்து ஒரே சொத்தில் உரிமை உடையவர் என்பது ஒன்று. அவ்வுரிமை காரணமாகவே பகைத்து நிற்பவர் என்பது மற்றொன்று. 'பங்காளிக் காய்ச்சல்' என்னும் வழக்கு இவ்விரண்டாம் நிழலில் பிறந்ததாகும். அயலாரோடு மூளும் பூசல் ஒருநாள் தீர்ந்துவிடும். பங்காளியோடு மூளும் பூசல் தலைமுறை கடந்தும் நிற்கும் என்பது ஊரறிந்த உண்மை.

நாடுகளுக்கும் இது பொருந்தும். ஒரே வரலாற்றுக்கு உரிய நாடுகள் இயல்பாகவே நட்புடன் வாழும் என்று மேடைகளில் மொழியப்படுவதுண்டு. உலக வரலாறு அவ்வாறு சான்று பகரவில்லை. பொதுவரலாறு நட்பைத் தானே தந்துவிடுவதில்லை. அவ்வரலாற்றைப் பங்கிட்டுக்கொள்ளும் முறையே நட்பைத் தருகிறது. இக்கருத்துக்குத் தக்க சான்றாக விளங்குவன டென்மார்க், நார்வே, சுவீடன், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து வட ஐரோப்பிய நாடுகள். அவற்றுள்ளும் டென்மார்க்கும் ஐஸ்லாந்தும் பழஞ்சுவடிகளைப் பகிர்ந்துகொண்ட வரலாறு, ஏட்டுச்சுவடிகளின் அருமை அறிந்த தமிழர் ஊன்றிக் கற்கத்தக்கது.

குருதி படிந்த பொதுவரலாறு

1397ஆம் ஆண்டு கால்மர் நகரில் டென்மார்க், நார்வே, சுவீடன் ஆகிய மூன்றும் ஒரே முடியின்கீழ் இணைந்தன. பின்லாந்து அப்போது சுவீடனின் பகுதியாகவும், ஐஸ்லாந்து நார்வே அரசுக்கு உட்பட்டதாகவும் இருந்தமையால் ஐந்து நிலங்களும் ஒரு குடைக்கீழ் வந்தன எனலாம். ஆயின் அவ்வொற்றுமை நிலைக்கவில்லை. 1520இல் டென்மார்க் மன்னன் இரண்டாம் கிறிஸ்டியன், ஸ்டாக்ஹோம் நகரில் சுவீடன் நாட்டுப் பெருமக்கள் பலரைக் கொன்றான். 1523இல் சுவீடன் பிரிந்து சென்றது. அதன்பின் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் இரு நாடுகளும் மீண்டும் மீண்டும் போரிட்டன. 1814இல் நார்வே மக்களின் விருப்பத்தைக் கேளாமலேயே அந்நாடு டென்மார்க்கிடமிருந்து சுவீடனுக்குக் கைம்மாற்றப்பட்டது. 1905இல்தான் அது தனியரசாயிற்று.

இத்தகைய பகைமை எவ்வாறு தணிந்தது? தீர்ப்புக்குக் கட்டுப்படும் பழக்கம் ஒரு காரணமாகும். சுவீடனும் பின்லாந்தும் உரிமை கோரிய ஓலந்துத் தீவுகளைப் பன்னாட்டுச் சங்கம் 1921இல் பின்லாந்துக்கே உரியவை எனத் தீர்த்தது. தீவினர் பேசும் சுவீடிய மொழிக்குக் காப்பும் வழங்கிற்று. சுவீடன் மனக்குறையோடு ஏற்றுக்கொண்டது. கிழக்குக் கிரீன்லாந்தின் ஒரு பகுதியை நார்வே 1931இல் தனதாக்கிக்கொள்ள முயன்றபோது வழக்கு ஹேக் நகர நீதிமன்றம் சென்றது. 1933இல் டென்மார்க்குக்குச் சார்பாகத் தீர்ப்பு வந்தது, நார்வே விலகிக்கொண்டது. தோற்றவர் தீர்ப்பை ஏற்பது என்னும் இவ்வழக்கமே பின்வந்த கூட்டுறவுக்கு அடித்தளமாயிற்று.

சிறியன செய்து நிலைத்த மன்றம்

இரண்டாம் உலகப் போர் இந்நாடுகளை வெவ்வேறு வழிகளில் செலுத்தியது. டென்மார்க்கும் நார்வேயும் 1940இல் ஜெர்மானியர் வசமாயின. ஐஸ்லாந்தில் பிரித்தானியப் படை இறங்கிற்று. பின்லாந்து சோவியத்து நாட்டோடு போரிட்டது. சுவீடன் நடுநிலையில் நின்றது. போருக்குப்பின் பொதுவான பாதுகாப்பு அணியொன்றை அமைக்கும் முயற்சி 1949இல் முறிந்தது. டென்மார்க், நார்வே, ஐஸ்லாந்து மூன்றும் நேட்டோ அணியில் சேர்ந்தன. பின்லாந்து 2023இலும் சுவீடன் 2024இலும்தான் அவ்வணியில் இணைந்தன. பொதுச் சந்தைக்கான பெருந்திட்டமொன்றும் 1970இல் கைவிடப்பட்டது.

பெருந்திட்டங்கள் வீழ்ந்த இடத்தில் சிறிய ஏற்பாடுகள் நிலைத்தன என்பதே குறிப்பிடத்தக்கது. 1952இல் வடநாட்டு மன்றம் தோன்றியது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் கூடிப் பேசும் அவை அது. படையும் பாதுகாப்பும் அதன் பேச்சுக்குப் புறம்பாக வைக்கப்பட்டன. கடவுச்சீட்டின்றி ஒருவர் நாட்டுக்கு ஒருவர் சென்றுவரும் உரிமையும், 1954இல் எந்நாட்டிலும் தொழில் செய்யும் உரிமையும் வந்தன. பின்லாந்து 1955இல் மன்றத்தில் சேர்ந்தது. 1962இல் ஹெல்சிங்கி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அவ்வாண்டிலேயே மன்றத்தின் இலக்கியப் பரிசும் தொடங்கியது. பெரிய மொழியில் எழுதுவோரும் சிறிய மொழியில் எழுதுவோரும் ஒரே அவையில் ஒப்பிட்டு மதிக்கப்படும் வாய்ப்பை அப்பரிசு தந்தது.

எனினும், பயணமும் தொழிலும் எளிதில் உடன்படத்தக்கவை. உண்மையான சோதனை, ஒருவர் கையில் உள்ள பொருளை மற்றவர் தமது என்று கேட்கும்போதே வருகிறது. அச்சோதனை சுவடிகளின் வடிவில் வந்தது.

கன்றுத்தோலில் எழுதிய இலக்கியம்

ஐஸ்லாந்து, ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெரும்பாலும் நார்வேயிலிருந்து சென்றோர் குடியேறிய தீவு. 930இல் அங்கு ஆல்திங் என்னும் பேரவை அமைந்தது. 1262 முதல் 1264 வரையான ஆண்டுகளில் தீவினர் நார்வே மன்னனுக்குப் பணிந்தனர். பின்னர் நார்வேயோடு டென்மார்க் முடியின்கீழ் வந்தனர். 1814இல் நார்வே கைம்மாறியபோதும் ஐஸ்லாந்து டென்மார்க்கிடமே தங்கிவிட்டது.

இத்தீவினரின் பெருஞ்செல்வம் இலக்கியமே. பனிக்காலத்தின் நீண்ட இரவுகளில் அவர்கள் கன்றுத்தோலைப் பதப்படுத்தி அதில் தம் தாய்மொழியில் எழுதினர். அவர்தம் உரைநடைக் கதைகளுக்குச் 'சாகா' என்பது பெயர். 'சொல்லப்படுவது' என்பது அதன் வேர்ப்பொருள். தமிழ்ச் செவிக்கு 'அழியாத' என்னும் பொருள் தருவது இனிய தற்செயல். ஸ்னோரி ஸ்டுர்லுசன் (1179–1241) என்னும் ஐஸ்லாந்துப் புலவர் நார்வே மன்னர்களின் வரலாற்றை 'ஹைம்ஸ்கிரிங்லா' என்னும் நூலாக யாத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நார்வே மக்கள் தம் நாட்டுணர்வைத் தட்டியெழுப்பிக்கொண்டது இந்த அயல்தீவினர் நூலைக் கொண்டே. ஒருவர் வரலாற்றை மற்றவர் காத்துவைத்த நிலை இது.

சுவடிகளுள் இரண்டு தலையாயவை. ஒன்று, 1270ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்ட 'அரச ஏடு'. தெய்வங்களையும் வீரர்களையும் பாடும் எத்தாப் பாடல்களின் முதன்மைச் சுவடி அது. பாடியோர் பெயர் எதுவும் அதில் இல்லை. ஐம்பத்துமூன்று தாள்களுள் நாற்பத்தைந்தே எஞ்சியுள்ளன. மற்றொன்று, 1387இல் எழுதத் தொடங்கப்பட்ட 'பிளாத்தே நூல்'. நூற்றுக்கு மேற்பட்ட கன்றுகளின் தோல் அதற்குத் தேவைப்பட்டது. ஸ்கால்ஹோல்ட் ஆயர் பிரின்யோல்பூர் ஸ்வேன்சன், பிளாத்தே நூலை 1656இலும் அரச ஏட்டை 1662இலும் டென்மார்க் மன்னன் மூன்றாம் பிரெடரிக்குக்கு அனுப்பிவைத்தார். அவை கொள்ளைப் பொருள்கள் அல்ல; கையுறையாகச் சென்றவை. பின்னாளில் எழுந்த வழக்கின் சிக்கல் இங்கேயே முடிச்சிடப்பட்டது.

ஆர்னி மாக்னுசன்

எஞ்சிய சுவடிகளைத் திரட்டியவர் ஆர்னி மாக்னுசன் (1663–1730). ஐஸ்லாந்தில் பிறந்து கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். மன்னன் நான்காம் பிரெடரிக்கின் ஆணைப்படி 1702 முதல் 1712 வரை ஐஸ்லாந்தின் நிலங்களைப் பதிவுசெய்யும் பணியில் ஈடுபட்டார். 1703இல் அத்தீவின் மக்கள்தொகையும் எடுக்கப்பட்டது. 50,358 பேர் இருந்தனர். பண்ணைதோறும் சென்ற ஆர்னி, நிலத்தோடு சுவடிகளையும் தேடினார். வறுமையால் நலிந்த மக்கள் பழந்தோலை வேறு பயன்களுக்குக் கொண்டிருந்தனர். காலணியின் உட்தோலாக வெட்டப்பட்ட ஏடுகள் இருந்தன; சட்டை தைக்க அளவுத்துண்டாக நறுக்கப்பட்ட ஏடும் இருந்தது. ஆயரின் தலையணிக்கு விறைப்பூட்ட வைத்துத் தைக்கப்பட்ட ஏடும் ஒன்று. உ.வே. சாமிநாதையரின் சுவடித் தேட்டத்தை அறிந்த தமிழர்க்கு இக்காட்சிகள் புதியன அல்ல.

1728 அக்டோபரில் கோபன்ஹேகனைப் பெருந்தீ எரித்தது. தோற்சுவடிகளுள் பெரும்பகுதியை ஆர்னியும் நண்பர்களும் வண்டிகளில் ஏற்றிக் காத்தனர். அச்சு நூல்களும் தாள் சுவடிகள் பலவும் சாம்பலாயின. அத்துயரிலிருந்து மீளாமல் 1730 சனவரியில் அவர் மறைந்தார். ஏறத்தாழ மூவாயிரம் சுவடிகளைத் தாம் பணியாற்றிய பல்கலைக்கழகத்துக்கே எழுதிவைத்தார். ஐஸ்லாந்து நாவலாசிரியர் ஹால்தோர் லாக்ஸ்நெஸ், ஆர்னியை முன்மாதிரியாகக் கொண்ட மாந்தர் ஒருவரைத் தம் 'ஐஸ்லாந்தின் மணி' (1943–46) நாவலில் படைத்தார். நாட்டு விடுதலையும் நோபல் பரிசும் (1955) அடுத்தடுத்து வந்த அக்காலத்தில் சுவடிகளைக் கேட்கும் குரலுக்கு அந்நாவல் வலிவூட்டியது.

பாகப்பிரிவினை வழக்கு

ஐஸ்லாந்து 1918இல் டென்மார்க் மன்னனைத் தலைவனாகக் கொண்ட தன்னுரிமை நாடாயிற்று. 1944 சூன் 17 அன்று, டென்மார்க் ஜெர்மானியர் பிடியில் இருந்த வேளையில், குடியரசாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. கட்டுண்ட நிலையில் கைவிடப்பட்டதாக டென்மார்க்கில் பலர் வருந்தினர். ஆயினும் மன்னன் பத்தாம் கிறிஸ்டியன் அனுப்பிய வாழ்த்துத் தந்தி அன்றைய விழாவிலேயே படிக்கப்பட்டது.

போர் முடிந்ததும் சுவடிகள் பற்றிய பேச்சு தொடங்கியது. இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. கையுறையாகவும் விலைக்கும் விருப்ப முறியாலும் வந்தவற்றைத் திருப்பித் தரச் சட்டக் கடமை இல்லை என்றனர் டென்மார்க் அறிஞர். அவை வடநாடுகள் அனைத்துக்கும் பொதுவான செல்வம். கோபன்ஹேகனில் தலைமுறை தலைமுறையாக ஆய்வு நடந்துவருகிறது. சிதறினால் ஆய்வு தேயும் என்றும் வாதிட்டனர். ஐஸ்லாந்தியரின் மறுமொழி எளியது. சுவடிகள் சென்ற காலத்தில் கோபன்ஹேகனே அவர்களுக்கும் தலைநகர். அங்கிருந்ததே அவர்களுக்கும் பல்கலைக்கழகம். தீவில் ஒரு பல்கலைக்கழகம் தோன்றியது 1911இல்தான். ஆர்னி தம் சுவடிகளை அயலார்க்குக் கொடுக்கவில்லை, தம் நாட்டின் ஒரே பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார் என்றனர்.

கூட்டு உடைமையாக வைத்துக்கொள்ளலாம் என்று 1954இல் டென்மார்க் முன்மொழிந்ததை ஐஸ்லாந்து ஏற்கவில்லை. டென்மார்க்கின் மக்கள் உயர்பள்ளி ஆசிரியர்களும் பத்திரிகையாளர் சிலரும், கொடுப்பதே முறை என்று தம் மக்களிடையே பரப்புரை செய்தனர். 1961இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. எதிர்த்தோர் அரசியலமைப்பின் ஒரு விதியைக் கையில் எடுத்தனர். சொத்தைக் கைக்கொள்ளும் சட்டமொன்றை உறுப்பினருள் மூன்றில் ஒரு பங்கினர் எதிர்த்துக் கையொப்பமிட்டால், புதிய தேர்தல் நடந்து அச்சட்டம் மீண்டும் நிறைவேற வேண்டும். அவ்வாறே 1964இல் தேர்தல் நடந்தபின் 1965இல் சட்டம் மீண்டும் நிறைவேறியது. ஆர்னியின் அறக்கட்டளை நீதிமன்றம் சென்றது. சட்டம் செல்லும் என்று உச்சநீதிமன்றம் 1966இல் தீர்ப்பளித்தது. இழப்பீடு கோரிய இரண்டாம் வழக்கும் 1971 மார்ச்சில் தள்ளுபடியாயிற்று.

இவ்வளவு காலத்தாழ்வும் வீண் என்று கருதத் தோன்றும். அவ்வாறன்று. எதிர்ப்போர் தம் வாதம் அனைத்தையும் சொல்லி முடிக்க இடமளித்தமையால், கொடுத்தபின் வஞ்சம் மிகாமல் போயிற்று. ஐஸ்லாந்தும் பொறுத்திருந்தது.

எவற்றைக் கொடுப்பது என்பதற்கும் அளவுகோல் வகுக்கப்பட்டது. ஐஸ்லாந்தியர் இயற்றியதாகவோ மொழிபெயர்த்ததாகவோ இருத்தல் வேண்டும். பொருளும் முழுமையாகவோ பெரும்பாலுமோ ஐஸ்லாந்து பற்றியதாக இருத்தல் வேண்டும். நார்வே மன்னர்களைப் பற்றிப் பேசும் பிளாத்தே நூல் இவ்வளவுகோலில் அடங்காது. ஐஸ்லாந்தியர் கையால் எழுதிய, நார்வே மன்னர் வரலாறு கூறும், டென்மார்க் அரச நூலகத்தில் இருந்த நூல் யாருடையது? விதியால் விடைகாண இயலாத இவ்வினாவுக்குப் பெருந்தன்மையால் விடை கண்டனர். பிளாத்தே நூலும் அரச ஏடும் தனியே பெயர் குறிக்கப்பட்டுக் கொடைப்பட்டியலில் சேர்ந்தன.

சுவடிகள் வந்த நாள்

1971 ஏப்ரல் 21 அன்று டென்மார்க் கடற்படைக் கப்பலொன்று அவ்விரு நூல்களுடன் ரெய்க்யவிக் துறைமுகத்தை அடைந்தது. பள்ளிகளும் கடைகளும் மூடப்பட்டன. மக்கள்தொகை இரண்டு இலட்சத்தைச் சற்றே கடந்த நாட்டில் பல்லாயிரவர் கரையில் திரண்டனர். வர இயலாதோர் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நிகழ்ச்சியைத் தொடர்ந்தனர். டென்மார்க் கல்வி அமைச்சர் ஹெல்கே லார்சன், ஐஸ்லாந்துக் கல்வி அமைச்சர் கில்வி கிஸ்லசன் கையில் பிளாத்தே நூலை ஒப்படைத்தார். முந்நூறு ஆண்டுகளுக்குமுன் ஓர் ஆயர் அனுப்பிய நூல் வீடு திரும்பியது.

மற்றவை ஒரே நாளில் வரவில்லை. ஒவ்வொன்றும் கோபன்ஹேகனில் செப்பனிடப்பட்டுப் படமெடுக்கப்பட்டபின் அனுப்பப்பட்டது. இறுதிச் சுவடிகள் 1997 சூன் 19 அன்று கைம்மாறின. ஆர்னியின் தொகுப்பிலிருந்து 1,666, அரச நூலகத்திலிருந்து 141 என மொத்தம் 1,807 சுவடிகள் ஐஸ்லாந்தை அடைந்தன. ஏறத்தாழ 1,400 கோபன்ஹேகனில் தங்கின.

கொடுத்தவர் பெற்றது

ஆய்வு தேயும் என்னும் அச்சம் மெய்ப்படவில்லை. ஆர்னியின் பெயரால் இரு நகரங்களில் இரு நிறுவனங்கள் பணியாற்றுகின்றன. பழவடமொழி உரைநடைக்கான பேரகராதிப் பணி கோபன்ஹேகனில் தொடர்ந்தது. இளம் ஆய்வாளர்க்குச் சுவடியியல் கற்பிக்கும் கோடைப்பள்ளி ஒருமுறை இங்கும் மறுமுறை அங்குமாக நடைபெறலாயிற்று. 2009இல் யுனெஸ்கோ தன் 'உலக நினைவு'ப் பதிவேட்டில் ஆர்னியின் தொகுப்பைச் சேர்த்தபோது, இரு நாடுகளும் கூட்டாகவே அதனை முன்மொழிந்திருந்தன. 2023இல் ரெய்க்யவிக் நகரில் சுவடிகளுக்கென எழுந்த மாளிகை 'எத்தா' என்று பெயர்சூட்டித் திறக்கப்பட்டது. ஐஸ்லாந்துப் பள்ளிகளில் டென்மார்க்கின் மொழி விடுதலைக்குப் பின்னும் பாடமாகத் தொடர்கிறது.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்றும் கூறுதற்கில்லை. எஞ்சிய சுவடிகளைப் பற்றிய விருப்பம் ஐஸ்லாந்தில் அவ்வப்போது ஒலிக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் சுவீடன் திரட்டிச் சென்ற ஐஸ்லாந்துச் சுவடிகள் ஸ்டாக்ஹோமிலும் உப்சாலாவிலும் உள்ளன. அவை இப்பங்கீட்டில் இடம்பெறவில்லை. 2020இன் பெருந்தொற்றுக் காலத்தில் இந்நாடுகள் தமக்குள்ளேயே எல்லைகளை மூடிக்கொண்டபோது மனக்கசப்பும் எழுந்தது. கூட்டுறவு ஒருமுறை எய்தி ஓய்ந்துவிடும் நிலையன்று. ஒவ்வொரு தலைமுறையும் மீண்டும் செய்துகொள்ள வேண்டிய வேலை.

தரங்கம்பாடிக் கரையில்

இவ்வரலாறு தமிழ் நிலத்தையும் தொட்டுச் செல்கிறது. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவுடன் டென்மார்க்கினர் தரங்கம்பாடியில் நிலைகொண்டனர். டென்மார்க் மன்னன் நான்காம் கிறிஸ்டியனுக்கு நாயக்கர் விடுத்த தமிழ்ப் பொன்னோலை கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்தது. 1623இல் அங்குள்ள டேன்ஸ்போர்க்கு கோட்டைக்கு வீரராக வந்தவருள் ஓர் ஐஸ்லாந்தியரும் இருந்தார். யோன் ஓலாப்சன் (1593–1679) என்னும் அவர், வெடிமருந்து விபத்தில் காயமுற்றுத் தாயகம் திரும்பி, முதுமையில் தம் வாழ்க்கை வரலாற்றை ஐஸ்லாந்து மொழியில் எழுதினார். தமிழ்க் கடற்கரை வாழ்வு அவ்வகையில் வடகோடித் தீவின் இலக்கியத்திலும் இடம்பெற்றது.

ஆர்னியை ஐஸ்லாந்துக்கு அனுப்பிய நான்காம் பிரெடரிக் மன்னனே 1705இல் சீகன்பால்குவைத் தரங்கம்பாடிக்கு அனுப்பினான். ஒரே அரசனின் ஆணையால் வடக்கே தோற்சுவடிகளும் தெற்கே பனையோலைச் சுவடிகளும் ஒரே காலத்தில் திரட்டப்பட்டன. சீகன்பால்கு 1708இல் தாம் சேர்த்த தமிழ் நூல்களுக்கு விளக்கப் பட்டியல் எழுதினார். ஐஸ்லாந்து இலக்கியக் கழகத்தை 1816இல் நிறுவியோருள் ஒருவரான மொழியறிஞர் ராஸ்மஸ் ராஸ்க், இலங்கையிலிருந்து பாலி மொழி ஏடுகளைக் கோபன்ஹேகனுக்குக் கொண்டு சென்றார்.

தரங்கம்பாடி 1845இல் ஆங்கிலேயர்க்கு விற்கப்பட்டது. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் டேன்ஸ்போர்க்கு கோட்டையைச் செப்பனிடும் பணியில் தமிழகத் தொல்லியல் துறையோடு டென்மார்க் நாட்டு ஆர்வலர்களும் துணைநின்றனர். தமிழ்ச் சுவடிகள் கோபன்ஹேகன், ஹாலே, பாரிசு எனப் பல நகரங்களுக்குச் சென்றதையும், ஆனைமங்கலச் செப்பேடுகள் லெய்டன் நகரை அடைந்ததையும் தமிழறிஞர் நன்கறிவர். அவற்றைப் பற்றிப் பேசும்போது ஐஸ்லாந்தின் வரலாறு ஓர் அளவுகோலாக அமையும். எவ்வாறு சென்றது என்பதை மறைக்காமல் பதிவுசெய்தல், எதிர்த்தரப்பின் வாதத்துக்குக் காதுகொடுத்தல், படியெடுத்துக் காத்தபின் கைம்மாற்றுதல், கைம்மாற்றியபின்னும் சேர்ந்து ஆராய்தல் என்னும் நான்கும் அவ்வளவுகோலின் கூறுகள்.

முடிவுரை

வட ஐரோப்பிய நாடுகளின் பொதுவரலாறு போராலும் ஆதிக்கத்தாலும் ஆனது. அதனை மறந்து அவர்கள் கூடவில்லை. அதன் ஏடுகளைக் கையில் எடுத்து, எவை எவர்க்கு என்று ஐம்பது ஆண்டுகள் பேசியே கூடினர். பேச்சு 1945இல் தொடங்கி 1997இல் முடிந்தது. தொடங்கியவருள் பலர் முடிவைக் காண உயிரோடில்லை. பங்காளிப் பகை தலைமுறைகளைக் கடக்கும் என்பது உண்மையாயின், அதனைத் தீர்க்கும் பொறுமையும் தலைமுறைகளைக் கடக்க வேண்டும் என்பதே இதனால் பெறப்படும்.

அரச ஏட்டில் எட்டுத் தாள்கள் இல்லை. அவற்றில் எழுதியிருந்த பாடல்களை ரெய்க்யவிக்காலும் மீட்க இயலாது. கோபன்ஹேகனாலும் மீட்க இயலாது. எஞ்சிய நாற்பத்தைந்தும் இன்று இரு நாட்டு அறிஞரும் படிக்கக் கிடைக்கின்றன. காலம் அழித்ததைப் பங்கிட வழியில்லை. அழியாமல் நின்றதைப் பங்கிட்டுக்கொள்ள வழியுண்டு என்று காட்டியதே இவ்விரு நாடுகளும் உலகுக்கு அளித்த கொடையாகும்.